செருப்பு அலமாரியின் சாவி

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. விண்கலத்தைப் பற்றி இல்லை, குறுங்கோளைப் பற்றியும் இல்லை. "சார், வெளியில செருப்பு விடற அலமாரிக்கு எதுக்கு சார் பூட்டு?" என்பதுதான். கட்டளைத் தாள் எழுதுகிறவருடைய செருப்பை வைத்துப் பூட்டிச் சாவியைச் சரிபார்க்கிறவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. ஏன் என்று மட்டும் அச்சடிக்கவில்லை. பழைய ஆட்களைக் கேட்டால் சிரித்துவிட்டு, "அவரையே கேளு" என்று என் பக்கம் கையைக் காட்டுவார்கள். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னைத் தேடிவந்து கேட்கிறீர்கள். சரி, எழுதியே கொடுத்துவிடுகிறேன். ஒரு விதிமுறைக்கே காரணமாக இருப்பது எல்லோருக்கும் வாய்க்கிற பெருமையா என்ன?

அது தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு குறுங்கோளை நோக்கி அனுப்பவிருந்த கலத்தில் நம்முடைய சின்னக் கேமரா ஒன்றுக்கு இடம் கிடைத்திருந்தது. கலத்தை ஓட்டுவது அவர்கள் பாடு. கேமராவை எப்போது எழுப்புவது, எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது மூடியைத் திறந்து படம் எடுக்கச் சொல்வது என்பது எங்கள் பாடு. இதற்குப் பட்டப்படிப்பு முடித்த ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த ஆறு பேரில் குறுங்கோளை நெருங்குகிற நாளன்று நாற்காலியில் உட்காரப்போவது இரண்டே பேர். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று சேர்ந்த அன்றே முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தன்னம்பிக்கை அதிகம். அதற்கான காரணங்கள்தான் கொஞ்சம் குறைவு.

எங்கள் பயிற்சி இரண்டு இடங்களில் நடந்தது. கணிப்பொறியும் நாங்களும் சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில். கேமராவின் பயிற்சி மாதிரி செம்பாக்கத்தில், சன்னலையெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்த ஒரு பழைய கிடங்கில். அங்கே உத்திரத்திலிருந்து மீன்பிடி நரம்பில் ஒரு கருணைக்கிழங்கு தொங்கும். அதுதான் குறுங்கோள். ஒரு பக்கம் அடுப்புக்கரி பூசி, இன்னொரு பக்கம் அப்படியே விட்டிருந்தோம். எதிர் மூலையில் கண்ணைப் பறிக்கிற விளக்கு ஒன்று. அதுதான் சூரியன். நடுவில் திருகுமேடை, அதன்மேல் கேமரா. வலப்பக்கம் நாற்பது பாகை திருப்பினால் கிழங்கு, இடப்பக்கம் நாற்பது திருப்பினால் விளக்கு. கிழங்கைப் பார்த்து மூடியைத் திறந்தால் படம். விளக்கைப் பார்த்துத் திறந்தால் கேமராவின் கண்ணாக இருக்கிற சில்லு வெந்துபோகும். எங்களிடம் இருந்தது அந்த ஒரு மாதிரிதான்.

கிடங்குக்கு போன் இணைப்பு கேட்டு எழுதிப்போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, வரவில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் இதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். குறுங்கோள் இருக்கும் தூரத்துக்கு நாம் அனுப்புகிற கட்டளை போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும், பதில் வர இன்னொரு இருபது. சிட்லபாக்கத்திலிருந்து செம்பாக்கத்துக்கு சைக்கிளில் போக ஏறக்குறைய அதே நேரம்தான். ஆக, எங்கள் கட்டளைகள் சைக்கிளில் போயின.

சைக்கிள் ஓட்டியவர் பஷீர் பாய். நாற்பது வயதுக்காரர், கடைசல் வேலையில் மன்னர். கேமராவின் மூடியையும் அதன் கீலையும் அரத்தால் ராவி ராவிச் செய்ததே அவர்தான். தாளை உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுத்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவர் பாய் இல்லை, ஒளி. வழியில் டீ கிடையாது, பேச்சு கிடையாது. சீக்கிரம் போய்விட்டால் கிடங்கு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, சரியாக இருபதாவது நிமிடம் உள்ளே போவார். போன பிறகு அவர் ஒளியும் இல்லை, விண்கலம். தாளில் எழுதியதை எழுதிய நேரத்தில் அப்படியே விசைப்பலகையில் தட்டுவார். கூடவும் செய்யமாட்டார், குறைக்கவும் மாட்டார். தாளில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும், எழுதியவருடையது ஒன்று, சரிபார்த்தவருடையது ஒன்று. ஒன்று குறைந்தாலும் தாள் குப்பைக்கூடைக்குப் போகும்.

மே மாதம் எங்களுக்கு முழு ஒத்திகை வைத்தார்கள். இருவர் இருவராக. இதைப் பார்த்துத்தான் அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஜோடி ஸ்டெல்லா. செம்பாக்கத்துக்காரி, எதையும் இரண்டு முறை படிப்பாள். நான் எதையும் அரை முறைதான் படிப்பேன். ஆக சராசரி சரியாக வந்துவிடும் என்பது என் கணக்கு.

மேஜையின் நடுவில் அட்டையில் செய்த கலம் ஒன்று இருக்கும், அதன் இரு பக்கமும் 'கிழங்கு', 'விளக்கு' என்று எழுதிய சீட்டுகள். அதன் முதுகுப் பக்கம் உட்கார்ந்துதான் தாள் எழுத வேண்டும். அப்போதுதான் கேமராவின் வலது நமக்கும் வலதாக இருக்கும். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஏ.சி. இருந்தது, ஆனால் கணிப்பொறிக்காக. காற்று முழுக்க அதன் தலையில்தான் விழும். மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நமக்கும் கிடைக்கும்.

"ஸ்டெல்லா, இந்தப் பக்கம் வா. ஊட்டி மாதிரி இருக்கு" என்றேன்.

"தாள் அந்தப் பக்கம் உக்காந்து எழுதணும்ல?"

"காகிதத்துக்கு எந்தப் பக்கம் உக்காந்தா என்ன? வா."

வந்துவிட்டாள். அவள் வாழ்நாளில் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அட்டைக் கலம் இப்போது எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்து, கிழங்கு இருக்கிற பக்கத்தைக் கையால் காட்டி, "இடம், நாற்பது" என்று கம்பீரமாக எழுதினேன். அவளும் அட்டையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இரண்டு முறை படித்தாள், கையெழுத்துப் போட்டாள். அவள் படித்ததில் தப்பில்லை. உட்கார்ந்த இடம்தான் தப்பு.

சரியாகப் பதினொரு மணிக்கு உறையை பாயிடம் கொடுத்தேன். பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேரும். அரைக்குத் திருகுமேடை திரும்பும். முக்காலுக்கு மூடி திறக்கும். பின்பக்க நாற்காலியில் மேடம் வெள்ளரிப் பிஞ்சில் மிளகாய்த்தூள் தொட்டுக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். ஒத்திகையின்போது அவர் வாய் திறக்கமாட்டார். மற்ற நேரத்திலும் அவர் பேச்சு கலத்திலிருந்து வருகிற மாதிரிதான், தாமதமாக வரும், சுருக்கமாக இருக்கும்.

பதினொன்று ஆறுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பானை மேஜையின் அந்தப் பக்கம். டம்ளரை வாயில் வைத்தபடி திரும்பினேன். அட்டைக் கலத்தின் முதுகு தெரிந்தது. அதன் வலப்பக்கம் கிழங்கு.

வலப்பக்கம்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் தைரியமாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. டம்ளர் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. "பாய்!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஆறு நிமிடத்துக்கு முன்னால் போன சைக்கிளுக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

"என்னாச்சு? எங்கப்பா போறே?" என்று ஸ்டெல்லா கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. மூன்று மூன்று படியாக இறங்கி, வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தும் நுழைக்காமலும் ஓடினேன். ஒரு செருப்பு தெருமுனையிலேயே கழன்றுகொண்டது. இன்னொன்றை நானே உதறினேன், ஒற்றைச் செருப்போடு ஓடுவதற்குக் கூச்சமாக இருந்தது. மே மாதத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? வேகம் தானாக வரும்.

ஆறு நிமிடம் முந்திக்கொண்ட சைக்கிளை நான் பிடித்திருக்கவே முடியாது. ஆனால் அன்று தண்ணீர் லாரி வந்த நாள். தெருவை அடைத்துக்கொண்டு லாரி நிற்க, அதைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள். அந்தக் குடங்களுக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "கொஞ்சம் வழி வுடும்மா, நேரமாவுது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் பஷீர் பாய். பாய்ந்து போய்ப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய், உறையக் குடுங்க! தப்பு எழுதிட்டேன்!"

பாய் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "இன்னா தம்பி இது? வெளிச்சத்த வந்து கைல புடிக்கிறியே?"

"பாய், வெளையாடாதீங்க. வலத்துக்குப் பதிலா இடம் போட்டுட்டேன். கேமரா போயிடும்!"

"நீ அனுப்சிட்டே. போனது போனதுதான். வுடு."

நான் விடவில்லை. குடத்தோடு நின்ற ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாபா, பெரிய மனுசன் சைக்கிள புட்சிகினு தொங்குறே? அவரு உன்ன இன்னா பண்ணாரு?"

"ஒண்ணுமில்லம்மா, அவரு வெளிச்சம்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"வெயில்ல முத்திப் போச்சி பாவம். தம்பி தலைல ஒரு சொம்பு ஊத்துடி" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவளிடம். ஊற்றினார்கள். நிஜமாகவே ஊற்றினார்கள். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் அது எவ்வளவு பெரிய மனசு என்பது உங்களுக்குப் புரியாது.

வழி கிடைத்ததும் பாய் ஏறி மிதித்தார். நான் கேரியரில் தாவி உட்கார்ந்தேன். ஒளியின் முதுகில் உட்கார்ந்து போனால் உலகம் எப்படித் தெரியும் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போயே இருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கம் பள்ளங்களில் இடுப்பு ஒடியும், அவ்வளவுதான். வழி நெடுக நான் கெஞ்சிக்கொண்டே போனேன். பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒளி பேசாது.

கிடங்கில் பதினொன்று இருபதுக்கு உறையைப் பிரித்தார். படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. அரைக்கு மேடை இடப்பக்கம் திரும்பியது. மூடிய கேமரா சூரியனைப் பார்த்து நின்றது. இன்னும் பதினைந்து நிமிடம். நான் சுவரோரமாக, சுட்ட காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பதினொன்று நாற்பத்து நான்குக்கு வாசலில் மொபெட் சத்தம். மேடம். சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாமல் அந்த மொபெட்டை இருபது நிமிடம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாய் வெளியே போயிருந்தால் அடுத்த தாளுக்கு மேடம்தான் ஒளி. ஒரு உறையை பாயிடம் நீட்டிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

பாய் பிரித்தார். ஸ்டெல்லாவின் கையெழுத்தில் ஒரே வரி. 'மூடி திறக்கும் கட்டளை ரத்து.'

எனக்கு உயிர் வந்தது. பாய் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ஸ்டெல்லா. இன்னொன்று காலி.

"பேனா இருக்கு பாய்! நான் போடறேன், குடுங்க!"

"இங்க நீ கெடையாது தம்பி" என்றார் பாய். கோபமே இல்லை அவர் குரலில். "இங்க மனுசனே கெடையாது. நானும் கெடையாது."

"நீங்க செஞ்ச மூடி பாய் அது!"

"தெரியும்" என்றார். தாளைக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்பத்து ஐந்துக்கு, எழுதியிருந்தபடி, விசையைத் தட்டினார். அவர் ராவி ராவிச் செய்த கீல் துளிச் சத்தம்கூட இல்லாமல் அழகாகத் திறந்தது.

சில்லு முழுதாகச் சாகவில்லை. குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கேமராவில் யார் எடுத்த படமானாலும் கருணைக்கிழங்கின் நெற்றியில் ஒரு கோடு இருக்கும். மற்ற நான்கு பேரும் அதை என் கையெழுத்து என்றார்கள். "மச்சான், தாள்ல போட வேண்டியத படத்துல போட்டுட்டான்டா" என்று ஒருத்தன் சொன்னது சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாதம் ஓடியது.

மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு பக்கம் எழுதினேன். கலத்தின் வலம், பார்ப்பவனின் வலம், எதிரே உட்கார்ந்தால் எப்படி மாறும், படம் எல்லாம் போட்டு, ஏ.சி. வைத்திருக்கிற இடம் எப்படித் தவறானது என்பது வரைக்கும். எனக்கே பிடித்திருந்தது. மேடம் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா இது வேற தப்பு."

"மேடம்?"

"இடம் வலம் மாறறது எல்லாருக்கும் மாறும். எனக்கே மாறியிருக்கு. நீ எத்தனை மணிக்குக் கண்டுபுடிச்சே?"

"பதினொண்ணு ஆறு, மேடம்."

"மூடி எப்போ திறக்கணும்?"

"முக்கால்."

"அப்போ எத்தனை மணிக்குள்ள ஒரு தாள் கெளம்பியிருந்தா போதும்?"

முக்காலிலிருந்து இருபதைக் கழித்தேன். பதினொன்று இருபத்தைந்து. ஆறிலிருந்து இருபத்தைந்து வரை. பத்தொன்பது நிமிடம். ஒரு வரி எழுத ஒரு நிமிடம், படிக்க ஒரு நிமிடம், கையெழுத்துப் போட அரை நிமிடம். மீதி நேரத்தில் தண்ணீரையாவது நிதானமாகக் குடித்திருக்கலாம்.

"நீ ஓடின எட்டாவது நிமிஷம் அந்தப் பொண்ணு எழுதி முடிச்சுட்டா" என்றார் மேடம். "நீ விட்டுட்டுப் போன டம்ளர எடுத்து வெச்சா, நீ நின்ன எடத்துல நின்னு அட்டையப் பாத்தா, புரிஞ்சுகிட்டா. எழுதிட்டு உன் நாற்காலியப் பாத்துகிட்டே உக்காந்திருந்தா. கடைசி நிமிஷம் வரைக்கும். ஒத்தக் கையெழுத்துன்னு தெரிஞ்சேதான் இருபத்திநாலுக்கு அனுப்பினா."

"நீங்க அதை எடுத்துட்டுப் போனீங்களே, மேடம்? செல்லாதுன்னு தெரிஞ்சும்?"

"வெளிச்சத்துக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிறார். ஸ்டெல்லாவின் ஒற்றை வரி, அவள் கையெழுத்து, பக்கத்தில் காலிக் கட்டம். "இத வெச்சுக்கோ. அந்த நாலு பக்கத்த நான் வெச்சுக்கறேன், படிக்க நல்லாருக்கு."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். நம் தொழிலில் தப்பு எழுதாதவன் கிடையாது. கிளம்பிப் போன தாளை யாராலும் பிடிக்க முடியாது. என்னை மாதிரி கேரியரில் தொற்றிக்கொண்டு போகலாம், போய் வேடிக்கை பார்க்கலாம். தப்பு தெரிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்து பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். காலுக்கு அங்கே வேலையே இல்லை. பயம் வரட்டும், தாராளமாக வரட்டும். எனக்கு வராத நாளே கிடையாது. வந்தால் அதற்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எழுந்து ஓட மட்டும் விடாதீர்கள்.

ஸ்டெல்லா என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. பேசியபோது கையில் ஒரு பூட்டு இருந்தது. அலமாரிக்குக் கதவு போட்டுக் கொடுத்தவர் பஷீர் பாய். "அடுத்த ஒத்திகைக்கு உன் செருப்பு உள்ள, சாவி என்கிட்ட" என்றாள். வெறுங்காலோடு ஓடிய வரலாறு எனக்கு இருக்கிறதே என்று கேட்டேன். "தெரியும். சாவிய என்கிட்ட கேக்கணும்ல? அப்பவாவது வாயத் தொறந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுவல்ல?" என்றாள். அந்தப் பூட்டின் தத்துவம் அவ்வளவுதான். அடுத்த நான்கு ஒத்திகையில் நான் மூன்று தப்பு செய்தேன். ஒன்றுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்றுக்கும் திருத்தத் தாள் நேரத்தோடு போனது. கோடு விழுந்த கேமராவில் கோடு விழுந்த படங்களாக எடுத்துத் தள்ளினோம். நாற்காலிக்குப் பெயர் அறிவித்தபோது எங்கள் இருவர் பெயரும் இருந்தது. மற்றவர்கள் குறைவாகத்தான் தப்பு செய்திருந்தார்கள். "இவங்க தப்புக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் மேடம், அவ்வளவு சுருக்கமாக.

சில வருடம் கழித்து அந்த நாள் வந்தது. கோடைகால மதியம். எங்கள் தாளைப் பேக்ஸில் அனுப்பினோம், வெளிநாட்டு நிலையம் ஒன்றே நாற்பதுக்கு அதைக் கலத்துக்கு அனுப்பியது. இருபது நிமிடம் போக, இருபது நிமிடம் வர. இரண்டு இருபதுக்குப் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் வர வேண்டும். மூன்று பத்துக்கு மூடி திறக்கும். கலம் குறுங்கோளைத் தாண்டப்போவது அந்த ஒரு முறைதான்.

இரண்டு இருபது ஆயிற்று. பதில் இல்லை. இருபத்தைந்து. இல்லை. மேஜைக்கு அடியில் என் கால் இரண்டும் தாமாகவே செருப்பைத் தேடத் தொடங்கின. நிஜமாகத்தான் சொல்கிறேன், தரையைத் துழாவின.

வெளிநாட்டிலிருந்து போன். அதே தாளை மறுபடி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும், "அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள். எனக்கும் வாய்வரை வந்துவிட்டது.

"மணி?" என்றாள் ஸ்டெல்லா.

"ரெண்டு இருபத்தெட்டு. ரெண்டு அம்பதுக்குள்ள கெளம்பினா போதும்."

"அப்போ இருபத்திரெண்டு நிமிஷம் இருக்கு. பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும். தாளப் படி."

படித்தேன். இந்த முறை இரண்டு தடவை. முதல் வரி, 'வலம் நாற்பது பாகை திரும்பு.' போன தாள் போய்ச் சேர்ந்திருந்தால் கேமரா ஏற்கெனவே நாற்பது திரும்பி நிற்கும். அதே தாள் மறுபடி போனால் இன்னொரு நாற்பது திரும்பும், குறுங்கோளை விட்டுவிட்டு வெறும் இருட்டைப் படம் எடுத்து அனுப்பும். போய்ச் சேராமல் இருந்தாலோ, நாம் சும்மா இருந்தால் படமே கிடையாது. அனுப்பினாலும் ஆபத்து, அனுப்பாவிட்டாலும் ஆபத்து.

"எவ்வளவு திரும்புன்னு சொல்லாம, எங்க போய் நில்லுன்னு சொன்னா?" என்றேன். "நாற்பதாவது குறியில் நில். ஏற்கெனவே அங்க நின்னா நகராது. நிக்கலேன்னா போய் நிக்கும். மத்ததெல்லாம் பழைய தாள்ல இருக்கிறபடியே, அதே நேரத்துக்கு எழுதிடலாம். ரெண்டு தடவ போனாலும் ஒரே வேலதான்."

ஸ்டெல்லா தாளை என் பக்கம் தள்ளினாள். எழுதினேன். படித்தாள். மறுபடி படித்தாள். இரண்டு கையெழுத்து. இரண்டு நாற்பத்தொன்றுக்குத் தாள் கிளம்பியது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஸ்டெல்லா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேஜைமேல், எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

"வேணும்னா எடுத்துக்கோ" என்றாள்.

சாவியைப் பார்த்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில், காலிக் கட்டத்தோடு அந்தக் கசங்கிய தாள் இருந்தது. நான் எங்கேயும் போகவில்லை.

இரண்டு ஐம்பத்து இரண்டுக்குப் பதில் வந்தது. முதல் தாளே போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு நிலையத்தில் பதிலைப் பிரித்துக் கொடுக்கிற இயந்திரம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டிருக்கிறது. ஆக எங்கள் இரண்டாவது தாள் தேவைப்படவே இல்லை. கேமரா நின்ற இடத்திலேயே நின்றது, ஒரு கெடுதலும் இல்லை. மூன்று பத்துக்கு அங்கே மூடி திறந்தது. மூன்றரைக்கு மேல் வரி வரியாகத் திரையில் படம் இறங்கத் தொடங்கியது. கரடுமுரடாக, பாதி கறுப்பும் பாதி வெளிச்சமுமாக ஒரு பாறை. நெற்றியில் கோடு இல்லை.

பஷீர் பாய் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கெழங்குதான் மேடம் இத வுட நல்லா கீது" என்றார்.

மேடம் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தோம்.

கூச்சல், கைகுலுக்கல் எல்லாம் முடிந்து நாலரை மணிக்கு எதிர்க்கடையில் டீ குடிக்க இறங்கினேன். ரோட்டின் நடுவில் வந்த பிறகுதான் உள்ளங்கால் சுட்டது. குனிந்து பார்த்தால் வெறுங்கால். செருப்பு அலமாரிக்குள், சாவி மேஜைமேல். மாடியிலிருந்து ஸ்டெல்லா, "டேய், சாவி!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

தார் நன்றாகவே கொதித்தது. ஆனால் இந்த முறை நான் ஓடவில்லை. நடந்தே போய் டீ சொன்னேன்.